பூக்கடைச் சிட்டைக்கு ‘கே’ மொழி உதவுமா?

கேள்வி இதுதான்: “பொறியியல் முடித்துவிட்டு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவின் கமிஷன் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ் டெர்மினல் பழக்கம். ஆக் (awk), பைத்தான் என்ற நிரல் மொழிகள் இரண்டும் ஓரளவு தெரியும். ‘கே’ (K) என்றொரு அணி மொழியில், அதாவது எண் வரிசைகளை மொத்தமாகக் கையாளும் நிரல் மொழியில், நாலைந்து குறிகளிலேயே கணக்கு முடிந்துவிடும் என்கிறார்கள். கற்பதில் பயன் உண்டா, அல்லது வெறும் வித்தையா? அப்பா எட்டிப் பார்த்தால் அவருக்கு ஏதாவது புரியுமா?”

கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. ஆனால் பேரேட்டை அதில் எழுதிவிடாதீர்கள். சிட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசம் உங்கள் அப்பாவுக்கு ஒரு நொடியில் விளங்கும். சிட்டை என்பது அன்றைக்குக் கிறுக்கி, அன்றைக்கே கிழித்துப் போடுவது. பேரேடு பத்து வருடம் கழித்து வேறொருவர் எடுத்துப் படிக்க வேண்டியது. நான் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு பார்ப்பவன். பில் போடும் மென்பொருள் தனியாக இருக்கிறது, அதை நான் தொடுவதில்லை. அதன் ஓரத்தில் நாள் முழுக்க எழும் சில்லறைக் கேள்விகளுக்குத்தான் கே. பல வருடங்களாக இந்த ஏற்பாடுதான் ஓடுகிறது.

உங்கள் கடையையே எடுத்துக்கொள்வோம். விடிகாலையில் மூன்று விவசாயிகள் மல்லி இறக்குகிறார்கள். எடை 12, 8, 15 கிலோ. பூவின் தரத்தையும் வந்த நேரத்தையும் பொறுத்துக் கிலோவுக்கு 600, 650, 580 ரூபாய் விலை போகிறது. யாருக்கு எவ்வளவு? கேயைத் திறந்து இப்படி அடியுங்கள்:

12 8 15*600 650 580

பதில் உடனே கீழே வரும்:

7200 5200 8700

லூப் இல்லை, மாறி இல்லை, ‘அச்சிடு’ என்ற கட்டளையும் இல்லை. இடைவெளி விட்டு எண்களை எழுதினாலே அது ஓர் அணி. இரண்டு அணிகளுக்கு நடுவே பெருக்கல் குறி போட்டால் முதலாவதோடு முதலாவது, இரண்டாவதோடு இரண்டாவது என்று தானாக ஜோடி சேர்ந்துகொள்ளும். மொத்தத் தொகை வேண்டுமா? மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியை வரவழைத்து, முன்னால் இரண்டு குறிகளைச் சேருங்கள்:

+/12 8 15*600 650 580

21100. இதில் சாய்கோடு வகுத்தல் அல்ல. ‘இடப்பக்கம் நிற்கும் வினையை அணியின் எல்லா உறுப்புகளுக்கும் நடுவே வை’ என்று பொருள். கூட்டலோடு சேர்ந்தால் மொத்தம். அதே சாய்கோட்டை நெடுங்கோட்டோடு (|) சேர்த்தால் அணியிலேயே பெரியது வரும், உம்மைக் குறியோடு (&) சேர்த்தால் சிறியது வரும். சாய்கோட்டுக்குப் பதிலாகப் பின்சாய்கோடு போட்டால் கடைசி மொத்தம் மட்டுமல்லாமல் ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே வரும் தொகை கிடைக்கும்: 7200, 12400, 21100. இந்தக் குடும்பத்து மொழிகளில் கூட்டல், பெருக்கல் போன்றவற்றை ‘வினை’ என்றும், வினையின் போக்கை மாற்றும் சாய்கோடு போன்றவற்றை ‘வினையடை’ என்றும் சொல்வது வழக்கம். இலக்கண வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இருபது வினைகளையும் ஆறு வினையடைகளையும் கற்றால் இருபத்தாறு பயன்கள் அல்ல, நூற்றுக்கு மேல் கிடைக்கின்றன.

இன்னும் ஒரு கேள்வி கேட்போம். அன்றைய சராசரி விலை என்ன? 600, 650, 580 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 610 என்று சொல்கிறவர்கள் மார்க்கெட்டில் நிறையப் பேர். அது தவறு, எடை கணக்கில் வரவில்லை. சரியான கணக்கு:

(+/12 8 15*600 650 580)%+/12 8 15

கேயில் சதவீதக் குறிதான் வகுத்தல். விடை 602.86-க்குச் சற்றுக் குறைவு. கிலோவுக்கு ஏழு ரூபாய் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். முகூர்த்த நாளில் டன் கணக்கில் பூ இறங்கும்போது அது சின்னதாக இருக்காது.

மல்லியின் விலை எப்படி ஏறி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, பனிக்காலத்தில் வரத்து குறைந்தால் ஒரே வாரத்தில் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஐந்து நாள் விலை 400, 450, 900, 2000, 600 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நாள் எவ்வளவு மாறியது?

1_-':400 450 900 2000 600

50 450 1100 -1400 என்று வரும். கழித்தல் குறிக்குப் பின்னால் ஒற்றை மேற்கோளும் முக்காற்புள்ளியும் சேர்ந்து ‘ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழி’ என்கின்றன. முதல் நாளுக்கு முந்தையது இல்லாததால் 400 அப்படியே முன்னால் நிற்கும். அதை உதிர்ப்பதற்குத்தான் தொடக்கத்தில் உள்ள ஒன்றும் அடிக்கோடும். எந்த இடத்தில் மிகப் பெரிய ஏற்றம்? அந்த வரிக்கே முன்னால் நட்சத்திரமும் ‘பெரிது’ குறியும் சேருங்கள்:

*>1_-':400 450 900 2000 600

2 என்று வரும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் மூன்றாவது மாற்றம், அதாவது 900-லிருந்து 2000-க்குத் தாவியது. ‘பெரிது’ குறி தனியாக முன்னால் நின்றால், அணியை இறங்குவரிசையில் அடுக்க எந்தெந்த இட எண்களை எடுக்க வேண்டும் என்று சொல்லும். நட்சத்திரம் தனியாக நின்றால் முதலாவதை எடுக்கும். ஒரே குறிக்கு, இடப்பக்கம் ஆள் இருந்தால் ஒரு வேலை, இல்லாவிட்டால் வேறு வேலை. தொடக்கத்தில் தலை சுற்ற வைப்பது இதுதான். பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்த மொழியின் லாபம் இங்கேதான் இருக்கிறது. தட்டச்சு மிச்சமாவதை நான் பெரிதாக நினைக்கவில்லை. கேட்ட கேள்வியும் வந்த விடையும் ஒரே பார்வையில், ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன. விடையைப் பார்த்ததும் எழும் அடுத்த கேள்வி, முந்தைய வரியின் தலையில் இரண்டு குறிகளாக ஏறிக்கொள்கிறது. பைத்தானில் அதே கேள்விக்கு நாலு வரி எழுதி, கோப்பாகச் சேமித்து, பெயர் வைத்து, ஓட்டிப் பார்ப்பதற்குள் ‘சரி, பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவிடுவோம். விட்டுப்போன கேள்விகளுக்குக் கணக்கு யாரும் வைப்பதில்லை.

குறிகளைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என் தாத்தா கணக்குப்பிள்ளை. அவர் எழுதிய ஏட்டில் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹. மேலே சொன்ன அதே ஆள், அதே சரக்கு என்றால் ௸, மேற்படி. பழக்கமில்லாதவருக்கு அது கிறுக்கல். தாத்தாவுக்கோ ஒரு பக்கத்தை ஓட்டமாகப் பார்த்தாலே எங்கே பற்று மிஞ்சுகிறது என்று கண்ணில் படும். ஒவ்வொரு வரியிலும் ‘பற்று வைக்கப்பட்டது’ என்று நீட்டி எழுதியிருந்தால் அவருக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்காது, சொற்கள்தான் தெரிந்திருக்கும்.

கென்னத் ஐவர்சன் என்ற கனடாக்காரர் யோசித்ததும் ஏறக்குறைய இதே திசையில்தான். ஹார்வர்டில் கற்பித்துக்கொண்டிருந்தபோது கணக்குமுறைகளை விளக்குவதற்காக ஒரு குறியீட்டை உருவாக்கினார். முதலில் அது கரும்பலகைக்கானது, கணினிக்கானது அல்ல. ஐபிஎம்முக்குப் போன பிறகு, 1966-இல் அது கணினியில் ஓடும் ஏபிஎல் மொழியாக வந்தது. 1979-இல் டூரிங் விருது கிடைத்தபோது அவர் பேச எடுத்துக்கொண்ட பொருளே, குறியீடு என்பது சிந்தனைக்கு ஒரு கருவி என்பதுதான். ஏபிஎல்லில் ஒன்று முதல் நூறு வரை கூட்ட +/⍳100 என்று எழுதினால் போதும், 5050. ஆனால் அந்த விசித்திரக் குறிகளை அடிக்கத் தனி அச்சுருண்டை பொருத்திய டைப்ரைட்டர் வேண்டியிருந்தது. ஏபிஎல் வீட்டுக்கு வீடு போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐவர்சனைச் சிறுவயதிலேயே அறிந்திருந்த ஆர்தர் விட்னி, 1989-இல் ஒரு வாரக்கடைசியில் ஒரே பக்கத்தில் அடங்கும், நிரலைப் படித்து ஓட்டும் மொழிபெயர்ப்பியை (இன்டர்பிரட்டர்) சி மொழியில் எழுதிக் காட்டினார். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் ரோஜர் ஹுய், ஐவர்சனோடு சேர்ந்து ஜே மொழியைக் கட்டினார். விட்னி தன் வழியில் போய், 1990-களின் தொடக்கத்தில் கேயை உருவாக்கினார். எந்தச் சாதாரண விசைப்பலகையிலும் உள்ள குறிகள் மட்டுமே, அவற்றிலும் மிகக் குறைவான வினைகள். அதன்மேல் கட்டிய தரவுத்தளம் 1998 வாக்கில் வந்து, பங்குச்சந்தையில் நொடிக்கு நொடி மாறும் விலைகளைச் சேமிக்க வங்கிகளுக்குப் பிடித்துப்போனது. நொடிக்கு நொடி மாறும் விலை என்றதும் உங்களுக்கு மல்லிதானே நினைவுக்கு வருகிறது? எனக்கும் அப்படித்தான்.

இனி, இடறும் இடங்கள். இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே விழுந்திருக்கிறேன்.

கேயில் வினைகளுக்குள் மேல் கீழ் கிடையாது. பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு என்ற பள்ளிக்கூட விதி இல்லை. எல்லாம் வலமிருந்து இடமாக. 2*3+4 என்றால் 14. புதிதாகக் கற்ற மாதத்தில், 5000 ரூபாய் சரக்கு எடுத்த மேலூர்க்காரர் ஒருவருக்குத் தள்ளுபடி 500-ஐயும் அவர் முன்பே கொடுத்திருந்த 100-ஐயும் கழிக்க, யோசிக்காமல் இப்படி அடித்தேன்:

5000-500-100

4600 வந்தது. துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினேன். அவர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இருநூறு கூட வருகிறதே” என்றார். நான் கணினியைத் திருப்பிக் காட்டினேன். அவர் கணினியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வலப்பக்கம் 500-100 முதலில் 400 ஆகி, அதை 5000-லிருந்து கழித்திருக்கிறது. சரியான தொகை 4400. அடைப்புக்குறி போட்டு (5000-500)-100 என்று எழுத வேண்டும், அல்லது 5000-500+100 என்று எழுத வேண்டும். இரண்டாவதைப் பள்ளியில் எழுதினால் அடி விழும். கேயில் அதுதான் சரி. ஆகவே முதல் சில மாதங்களுக்கு, ரூபாய் கைமாறும் எந்தக் கணக்கையும் ஒருமுறை வாயால் போட்டுப் பாருங்கள்.

இடைவெளிக்கும் பொருள் உண்டு. 3-1 என்றால் 2. ஆனால் 3-க்குப் பின் இடைவெளி விட்டு -1 என்று எழுதினால் அது கழித்தல் அல்ல, மூன்றும் கழி ஒன்றும் கொண்ட ஓர் அணி. சாய்கோட்டுக்கு முன்னால் இடைவெளி விட்டாலோ, அங்கிருந்து வரியின் மீதி முழுவதும் குறிப்புரையாகிவிடும். அழகுக்காக இடைவெளி விடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஷெல், அதாவது டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். நட்சத்திரம், உம்மைக் குறி, ஆச்சரியக் குறி, சிறிது பெரிது என்று கேயின் பல குறிகளுக்கு ஷெல்லிலும் வேறு வேலை இருக்கிறது. மேற்கோள் போடாமல் ‘பெரிது’ குறியை ஷெல் வரியில் அடித்தால், அடுத்த சொல்லின் பெயரில் உள்ள கோப்பு ஒரு நொடியில் காலியாகும். ஒற்றை மேற்கோளுக்குள் போடலாம் என்றால், கேயே ஒற்றை மேற்கோளை ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற வினையடையாக வைத்திருக்கிறது. சண்டை போடாமல் கேயின் சொந்தத் தூண்டிவரிக்குள் போய் அடிப்பதே நல்லது. மறுபடி மறுபடி வேண்டிய வரி என்றால் ஒரு சிறு கோப்பில் போட்டு வையுங்கள். சில கே வடிவங்களில் மேல் அம்புக்குறிகூட இயல்பாக வேலை செய்யாது. ஆர்எல்ராப் என்ற சிறு நிரலுக்குள் வைத்து ஓட்டினால் சரியாகிவிடும்.

கோப்பிலிருந்து படிப்பது எளிது. ‘எடை’ என்ற கோப்பில் வரிக்கு ஓர் எண் என்று இருந்தால்:

+/.'0:"எடை"

வலமிருந்து வாசியுங்கள்: கோப்பை வரிவரியாகப் படி, ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்று, கூட்டு. ஆனால் நடுவில் உள்ள புள்ளி உண்மையில் செய்வது ‘இதை நிரலாக ஓட்டு’ என்பது. எண்ணை ஓட்டினால் எண் வருகிறது, அவ்வளவுதான். வரியில் வேறு ஏதாவது இருந்தால் அதையும் ஓட்டிவிடும். நீங்களே எழுதிய கோப்புக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், வாட்ஸ்அப்பில் வந்த கோப்புக்கு வேண்டாம்.

தமிழ் எழுத்துகளை எண்ணப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. கேயில் சரம், அதாவது எழுத்துத் தொடர், என்பது பைட்டுகளின் அணி. நமக்கு ‘மதுரை’ மூன்று எழுத்து. யுனிகோடுக்கு ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகவே

#"மதுரை"

15 என்று சொல்லும். திருப்பிப் போட்டால் குப்பை வரும். விவசாயிகளின் பெயரை வைத்துக் கணக்குப் போடாமல் எண் கொடுத்துவிடுங்கள். அன்றைய வரவை எண்ணால் குறித்தால், 3 1 3 3 1 என்பதில் யார் எத்தனை முறை வந்தார் என்பதற்கு

#'=3 1 3 3 1

போதும். சமக்குறி ஒரே எண்களை ஒன்றாகக் குழுவாக்கும், மற்ற இரண்டு குறிகளும் ஒவ்வொரு குழுவையும் எண்ணும். மூன்றாம் எண்காரர் மூன்று முறை, முதலாமவர் இரண்டு முறை.

தெரிந்த ‘ஆக்’ போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 1977-இல் பிறந்து, இன்று எல்லா யுனிக்ஸ் கணினியிலும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரை நான் தள்ளமாட்டேன். பெயரும் எண்ணும் தேதியும் கலந்த வரிகளிலிருந்து மூன்றாம் பத்தியை மட்டும் உருவி எடுப்பதற்கு ஆக்தான். ஆனால் ஆக் வரிவரியாக நடக்கிறது, அடுத்த வரிக்குப் போகும்போது முந்தையது கையை விட்டுப் போய்விடும். ‘நேற்றையதை விட இன்று எவ்வளவு’, ‘எது எத்தனையாவது இடம்’ போன்ற கேள்விகளுக்கு முழுப் பத்தியும் கையில் இருக்க வேண்டும், அங்கே கே. நான் ஆக்கால் உருவி, கேயால் கணக்கிடுகிறேன்.

எந்தக் கே என்பது அடுத்த தலைவலி. விட்னி ஒவ்வொரு முறையும் மொழியைப் புதிதாக எழுதுகிறவர், பழைய நிரல் ஓடுமா என்று கவலைப்படுகிறவர் அல்ல. ஒரு கேயில் எழுதியது பல சமயம் இன்னொன்றில் ஓடாது. மேலே நான் காட்டியவை திறந்த மூல வடிவமான ‘என்ஜிஎன் கே’யை மனத்தில் வைத்து எழுதியவை. நிறுவாமல் தொட்டுப் பார்க்க உலாவியிலேயே ஓடும் ‘ஓகே’ இருக்கிறது. எழுத்துக் கோப்புகளோடு அதிகம் மல்லுக்கட்டுகிறீர்கள் என்றால் கோ மொழியில் எழுதப்பட்ட ‘கோல்’ பாருங்கள். கேயின் வழிவந்ததுதான், ஆனால் சரத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் ஒரே பொருளாகக் கையாளும், எழுத்துக் கோலங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதி உள்ளேயே இருக்கிறது. கட்டளை வரியில் சிறு நிரல் எழுத இப்போதைக்கு அதுவே எனக்கு இதமாக இருக்கிறது.

யுடிஎஃப்-8 உருவாக்கிய இருவரில் ஒருவரான ராப் பைக் எழுதிய ‘ஐவி’யையும் விட்டுவிடாதீர்கள். ஏபிஎல் சாயலில் ஒரு கால்குலேட்டர். பின்னத்தைத் தசமமாக்கிச் சிதைக்காமல் பின்னமாகவே வைத்திருக்கும். ஒரு மாகாணி, ஒரு காணி, ஒரு முந்திரி சேர்ந்தால் எவ்வளவு என்று தாத்தா என்னைக் கேட்பார், நான் விழிப்பேன். ஐவியிடம் 1/16 + 1/80 + 1/320 என்று கொடுத்தேன். 5/64 என்றது. தாத்தா இருந்திருந்தால் ‘ஒன்றேகால் மாகாணி’ என்று அதற்குள் சொல்லியிருப்பார்.

கடைசியாக, அப்பா எட்டிப் பார்த்தால் புரியுமா என்ற கேள்வி. குறிகள் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. அவருக்கு வேண்டியது, எந்தக் கேள்விக்கு இந்த விடை என்பது. இடைவெளி விட்டுச் சாய்கோடு போட்டால் குறிப்புரை என்றேன் அல்லவா? இடறச் செய்த அதே விதி இங்கே உதவும். ஒவ்வொரு வரியின் வாலிலும் கேள்வியைத் தமிழிலேயே எழுதி வையுங்கள், அவர் வாலை மட்டும் படித்துவிட்டு விடையைப் பார்க்கட்டும்:

+/800<400 450 900 2000 600 /எண்ணூறுக்கு மேல் விற்ற நாட்கள் எத்தனை